இறங்க மறுத்தவர்கள்: கிள்ளான் வட்டாரத்தில் மிதிவண்டியும் ஊராட்சியும்

காப்பார் நகரை ஊடறுத்துச் செல்வது ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை. கிள்ளானிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்படும் அச்சாலை, காப்பாரைக் கடந்து கோல சிலாங்கூரை நோக்கி நீள்கிறது. துறைமுகத்திற்கும் தொழிற்பேட்டைகளுக்கும் செல்லும் கனரக லாரிகள், மகிழுந்துகள், மோட்டார் சைக்கிள்கள் ஆகியவற்றுக்கு இடையே விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் மிதிவண்டிகளையும் அங்கே காணலாம். தொழிற்சாலைக்குச் செல்லும் வெளிநாட்டுத் தொழிலாளரும், கடைக்குச் செல்லும் முதியவரும், சில வேளைகளில் பள்ளிச் சிறுவரும் அவற்றை மிதிக்கின்றனர். வெள்ளைக் கோட்டுக்கும் வடிகாலுக்கும் இடைப்பட்ட குறுகிய ஓரமே அவர்களுடைய பாதை.

நகரத் திட்டமிடலில் மிதிவண்டிக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போது, அதனை மேலைநாட்டிலிருந்து அண்மையில் வந்த எண்ணமாகவும், ஓய்வு நேர உடற்பயிற்சியை விரும்பும் வசதி படைத்தோரின் ஆசையாகவும் கருதுவோர் நம்மிடையே உண்டு. கிள்ளான் மாவட்டத்தின் வரலாறு அக்கருத்துக்கு இடம் தரவில்லை. மிதிவண்டியில் அமர்ந்தபடியே சாலையைக் கடக்கும் உரிமை வேண்டும் என்று, 80 ஆண்டுகளுக்கும் முன்பே இம்மாவட்டத்தில் கோரிக்கை எழுந்தது. அதனை எழுப்பியவர்கள் பால்மரம் வெட்டிய தமிழ்த் தொழிலாளர்கள். அந்தக் கோரிக்கையிலிருந்து தொடங்கி, மிதிவண்டி ஓட்டுவோரை இவ்வட்டாரத்தின் ஆட்சி அமைப்புகள் எவ்வாறு நடத்தி வந்துள்ளன என்பதை இவ்வுரையில் ஆராய்வோம்.

ஒன்பதாவது கோரிக்கை

1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஐரோப்பியப் போரின் தேவையால் மலாயா ரப்பருக்கு நல்ல சந்தை இருந்தது. தோட்ட நிறுவனங்கள் ஆதாயம் கண்டன. ஆயினும் தமிழ்த் தொழிலாளரின் நாட்கூலி, ஏறிவந்த வாழ்க்கைச் செலவுக்கு ஈடாக உயரவில்லை. சீனத் தொழிலாளர் பெற்ற கூலியைவிட அது குறைவாகவே இருந்தது. இச்சூழலில்தான் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் அதன் முன்னணித் தலைவர் ஆர். எச். நாதனும் தொழிலாளரை ஒன்றுதிரட்டினர். மார்ச் மாதத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது.

தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. சீனருக்கு இணையான கூலி, கொடுமை புரியும் பணியாளர்களை நீக்கித் தமிழறிந்தோரை அமர்த்துதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, பெண்களிடம் மேலாளர் வர்க்கத்தார் அத்துமீறுவதைத் தடுத்தல், மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, உற்றார் உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்து செல்லும் உரிமை, நீண்ட வேலை நேரத்தைக் குறைத்தல், குறைகளை எடுத்துரைப்போரைப் பழிவாங்காமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியன அவற்றில் அடங்கும். இவற்றுக்கிடையே ஒன்பதாவது கோரிக்கை ஒன்று இருந்தது. ஐரோப்பிய மேலாளர்களுக்கும் ஆசியப் பணியாளர்களுக்கும் முன்னால் தொழிலாளர் தங்கள் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்ல அனுமதிக்க வேண்டும் என்பதே அது.

துரையோ கிராணியோ எதிரே வந்தால், மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி இறங்கி ஓரமாக நிற்க வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். தமிழகத்துச் சிற்றூர்களில், ஆதிக்கச் சாதியினரின் தெரு வழியே செல்லும் ஒடுக்கப்பட்ட மக்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டும் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டும் செல்ல வேண்டும் என்றிருந்த கொடுமையை நாம் அறிவோம். கடல் கடந்து வந்தோர் அதே வழக்கத்தைத் தோட்டத்துச் சாலையில் வேறு உருவில் சந்தித்தனர். நாட்கூலியில் வாழ்ந்தவருக்கு மிதிவண்டி எளிதில் வாங்கக்கூடிய பொருளன்று. வேலை நேரத்திற்குப் பின் பக்கத்துத் தோட்டத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் பட்டணத்துக் கடைத்தெருவுக்கும் தாமே சென்றுவர உதவிய ஒரே ஊர்தியும் அதுதான். ஆகவே, ‘இறங்கு’ என்ற கட்டளை மனிதனின் மதிப்பையும் நடமாட்டத்தையும் ஒருசேரத் தாக்கியது. கூலி உயர்வைக் கேட்ட அதே பட்டியலில் இதனையும் சேர்த்ததிலிருந்து, அம்மக்கள் இதற்குக் கொடுத்த முக்கியத்துவம் விளங்குகிறது.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அதனை எதிர்த்து மீண்டும் போராட்டம் வெடித்தது. படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். மே 16ஆம் நாள் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பலர் சிறைப்பட்டனர், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். போராட்டம் ஒடுக்கப்பட்ட ஏழே மாதங்களில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அப்படையினரில் பெருந்தொகையினர் மிதிவண்டிகளிலேயே தீபகற்பத்தின் சாலைகள் வழியே தெற்கு நோக்கி முன்னேறினர். 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. மிதிவண்டியைக் கண்டு இறங்கச் சொன்ன அதிகாரம், மிதிவண்டியில் வந்த படையின் முன்னே பின்வாங்கியது.

எண் பொறித்த தகடு

தோட்டத்திற்கு வெளியே, பட்டணங்களில், மிதிவண்டியை நிருவகித்தவை சுகாதார வாரியங்களும் பின்னர் நகரச் சபைகளும் ஆகும். கோலாலம்பூரில் 1890ஆம் ஆண்டில் சுகாதார வாரியம் அமைந்தது. துப்புரவு, தெருவிளக்கு, சந்தை ஆகியவற்றோடு சாலை ஒழுங்கும் இத்தகைய அமைப்புகளின் பொறுப்பில் வளர்ந்தது. மலாயாவின் நகரச் சபைகள் மிதிவண்டிகளைப் பதிவு செய்து, கட்டணம் பெற்று, எண் பொறித்த சிறு தகடுகளை வழங்கின. இரவில் விளக்கின்றி ஓட்டுவதும் தகடின்றி ஓட்டுவதும் குற்றமாகக் கருதப்பட்டன. தமிழகத்து நகராட்சிகளும் ஊராட்சிகளும் இவ்வாறே வரி பெற்று வில்லைகளை வழங்கின. வரி கட்டாத வண்டியைப் பிடித்து வைத்த கதைகளை இரு நாட்டு முதியோரும் இன்றும் சொல்வர்.

இவ்வாறு, ஊராட்சிக்கும் மிதிவண்டிக்கும் ஏற்பட்ட முதல் உறவு வரியும் தண்டமுமாகவே இருந்தது. வண்டி ஓட்டுபவர் கட்டிய பணம் அவருக்கென ஒரு பாதையாகத் திரும்பி வந்ததாகச் சொல்ல இயலாது. நெதர்லாந்திலும் 1924ஆம் ஆண்டில் மிதிவண்டி வரி விதிக்கப்பட்டு, உலோகத் தகடு கட்டாயமாக்கப்பட்டது. 1941இல் அது நீக்கப்பட்டது. ஆனால் அந்நாட்டில் வரி வருவாயின் ஒரு பகுதி சாலை நிதிக்குச் சென்றதால், ‘நாங்கள் பணம் கட்டுகிறோம், எங்களுக்குப் பாதை எங்கே?’ என்று கேட்க மிதிவண்டிச் சங்கங்களுக்கு வலுவான பிடி கிடைத்தது.

தகட்டுக்கு மற்றொரு பயனும் உண்டு. பதிவு இருந்த காலத்தில், தன் எல்லைக்குள் எத்தனை மிதிவண்டிகள் உள்ளன என்பதை ஒரு சபை தன் பதிவேட்டைப் புரட்டி அறிந்திருக்க முடியும். மோட்டார் வண்டிகள் பெருகி, மிதிவண்டிப் பதிவு மெல்ல மறைந்தபோது, வரிச்சுமையோடு அந்தக் கணக்கும் மறைந்தது. சாலையை விரிவாக்க வேண்டுமா என்று முடிவு செய்வோர் வாகன எண்ணிக்கையை ஆதாரமாகக் கொள்கின்றனர். எண்ணிக்கையில் வராதவர் அந்த முடிவிலும் வருவதில்லை. இன்று மிதிவண்டி ஓட்டுவோரின் நிலை இதுவே.

கிள்ளானின் ஈரடுக்குப் பாலம்

ஆயினும் மிதிவண்டியை நினைவில் வைத்துக் கட்டப்பட்ட ஒரு பெரும் கட்டுமானம் நம் அருகிலேயே உள்ளது. கிள்ளான் ஆறு நகரை வடக்கு, தெற்கு என இரு கூறாகப் பிரிக்கிறது. 1908இல் அமைந்த பெல்பீல்டு பாலம் போர்க்காலத்தில் சேதமுற்றது. அதன் பின்னர், நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டிப் பணி தொடங்கி, 1960களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது கோத்தா பாலம். அது ஈரடுக்குப் பாலம். மேல்தளம் மோட்டார் வாகனங்களுக்கு. கீழ்த்தளம் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும்.

அக்காலத்துப் பொறியாளர் மனத்தில் இருந்த கிள்ளானை இப்பாலத்தின் அமைப்பிலிருந்து ஊகிக்கலாம். ஆற்றின் ஒரு கரையில் வீடும் மறுகரையில் வேலையும் சந்தையும் கொண்டவர்கள் ஏராளம். அவர்களில் மகிழுந்து உடையோர் மிகச் சிலர். அவர்களைப் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் இடையே தள்ளிவிடாமல், அவர்களுக்கென ஒரு தளத்தையே ஒதுக்கியது அத்திட்டம். கீழ்த்தளத்தில் கூரையாக மேல்தளம் நின்றதால் வெயிலும் மழையும் தடுக்கப்பட்டன. வெப்ப மண்டலத்தில் மிதிவண்டி ஓட்ட இயலாது என்று இன்று கூறுவோர், நிழலையும் பிரிவையும் ஒரே கட்டுமானத்தில் தந்த இப்பாலத்தை ஒருமுறை சென்று காண்பது நல்லது.

நெடுஞ்சாலையின் ஓரப்பாதை

அடுத்த பத்தாண்டில் இதே சிந்தனை வேறொரு வடிவில் தோன்றியது. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில், 1970களின் தொடக்கத்தில் உலக வங்கியின் திட்டத்தின் கீழ், மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனிப்பாதை அமைக்கப்பட்டது. உலகிலேயே முதன்முதலாக அமைந்த இத்தகைய தனிப்பாதை இது என்று சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். மிதிவண்டி ஓட்டுவோரும் இப்பாதையைப் பயன்படுத்துகின்றனர்.

1990களில் ஷா ஆலம் பகுதியில் இப்பாதை நீட்டிக்கப்பட்டபோது, அதன் பயனை மலேசிய ஆய்வாளர் ராடின் உமாரும் அவருடைய குழுவினரும் கணக்கிட்டனர். மோட்டார் சைக்கிள் விபத்துகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்ததை அவர்கள் கண்டனர். கனமான ஊர்தியையும் மெல்லிய ஊர்தியையும் பிரித்து வைத்தால் உயிர் தப்பும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்றைத் தேட வேண்டியதில்லை. அது நம் வட்டாரத்திலேயே எண்ணிப் பார்த்து நிறுவப்பட்ட உண்மை. நம் நாட்டுச் சாலைகளில் இறப்போருள் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர் என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். மிதிவண்டியிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு மாறிய தொழிலாளர் குடும்பங்கள், வேகத்தைப் பெற்றன, பாதுகாப்பைப் பெறவில்லை.

இத்தகைய முன்னோடிப் பாதை இருந்தும், அதன் பின்னர் எழுந்த சாலைகள் அனைத்திலும் அது பின்பற்றப்படவில்லை. பெரும்பாலான சாலைகளில் இரு சக்கர ஊர்திகள் பழையபடியே லாரிகளோடு கலந்து செல்கின்றன.

தோட்டம் தாமானாக மாறியபோது

1980களிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. ரப்பர் மரங்கள் செம்பனைக்கும் செம்பனை கட்டடங்களுக்கும் இடம்விட்டன. தோட்டத்து வாழ்வில் துன்பங்கள் பல இருந்தன. அவற்றை நாம் மறந்துவிடலாகாது. ஆனால் லயமும் பள்ளியும் கோயிலும் வேலைக்களமும் மிதிவண்டித் தொலைவில் இருந்தன. தாமான்களில் குடியேறியபோது அந்த அமைப்பு சிதறியது. வேலை ஒரு திசையில், பள்ளி மறு திசையில், இடையே ஆறு தடங்கள் கொண்ட நெடுஞ்சாலை. பழைய தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி புதிய இடத்திற்குப் பெயர்ந்தபோது, நடந்தோ மிதித்தோ சென்ற பிள்ளைகள் பள்ளிப் பேருந்தையும் தந்தையின் மோட்டார் சைக்கிளையும் நம்ப நேர்ந்தது.

தாமானின் உட்சாலையில் சிறுவர் மிதிவண்டி ஓட்டலாம். தாமானுக்கு வெளியே கால் வைத்தால் பாதை முடிந்துவிடும். இதனால் மிதிவண்டி பெரியோரின் பயண ஊர்தி என்ற நிலையிலிருந்து சிறுவரின் விளையாட்டுப் பொருளாகச் சுருங்கியது. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், நள்ளிரவுக்குப் பின் மாற்றியமைத்த மிதிவண்டிகளில் சாலையில் இருந்த சிறுவர் கூட்டத்தின்மேல் மகிழுந்து மோதி எட்டுப் பேர் உயிரிழந்தனர். பெற்றோரின் கவனக்குறைவு, ஓட்டுநரின் பொறுப்பு, காவல்துறையின் கண்காணிப்பு எனப் பல கோணங்களில் நாடு அதனை ஆண்டுக்கணக்கில் விவாதித்தது. அச்சிறுவர் வாழ்ந்த நகரங்களில் மிதிவண்டிக்கெனப் பாதுகாப்பான இடம் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி அவ்விவாதத்தின் ஓரத்திலேயே நின்றது.

நீலக் கோடுகள்

புதிய நூற்றாண்டில் கோலாலம்பூர் மாநகர் மன்றம் மிதிவண்டியின் பக்கம் மீண்டும் பார்வையைத் திருப்பியது. 2014இல், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நகர மையத்துச் சாலைகள் சிலவற்றை மோட்டார் வாகனங்களுக்கு மூடி, நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் திறந்துவிடும் திட்டம் தொடங்கியது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974இல் தொடங்கி உலகெங்கும் பரவிய வழக்கம் அது. 2015இல், மெர்டேக்கா சதுக்கத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை ஒட்டி மிட்வேலி வரை ஏறத்தாழ 5.5 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதை திறக்கப்பட்டது. 2018 பிப்ரவரியில் உலக நகர்ப்புற மாநாடு கோலாலம்பூரில் கூடியதை ஒட்டி, நகர மையத்தில் சுமார் 11 கிலோமீட்டர் தொலைவுக்கு நீலநிறப் பாதைகள் தீட்டப்பட்டன.

அந்நீலப் பாதைகள் பெற்ற வரவேற்பு கலவையானது. மகிழுந்துகள் அவற்றின்மேல் நிறுத்தப்பட்டன. மோட்டார் சைக்கிள்கள் அவற்றில் ஓடின. மழையில் வண்ணப்பூச்சு வழுக்குகிறது என்ற முறையீடும் எழுந்தது. ஓட்டுவோர் குறைவாக இருக்கையில் சாலையைச் சுருக்கியது வீண் என்று வாகன ஓட்டிகள் குறைகூறினர். தடையாக ஒரு கல்லும் இல்லாத பாதையை நம்பி எவ்வாறு ஓட்டுவது என்று மிதிவண்டி ஓட்டுவோர் கேட்டனர். இரு தரப்பும் கண்டது ஒரே குறையைத்தான். கோத்தா பாலத்தில் கனமான கட்டுமானம் செய்த பிரிவினையை இங்கே வெறும் வண்ணம் செய்ய வேண்டியிருந்தது. பின்னர், 2019 முதல் 2028 வரையிலான காலத்திற்கு நடப்போருக்கும் மிதிவண்டிக்குமான பெருந்திட்டம் ஒன்றை மாநகர் மன்றம் வகுத்தது. மாநாட்டு விருந்தினருக்காக என்றில்லாமல், நாள்தோறும் பயணம் செய்வோருக்காகச் சிந்திக்க முனைந்தது அதன் சிறப்பு.

ஒரு செய்தியை இங்கே கவனிக்க வேண்டும். தலைநகரின் பாதைகள் சுற்றுலா இடங்களையும் வணிக வளாகங்களையும் அலுவலகங்களையும் இணைக்க முனைந்தன. காப்பார், மேரு, துறைமுகக் கிள்ளான் போன்ற இடங்களில் வேறு வழியின்றி மிதிவண்டி ஓட்டுவோரை இத்தகைய திட்டங்கள் தொடவில்லை. விரும்பி ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரிகிறார். தேவையால் ஓட்டுபவர் தெரிவதில்லை.

பிற ஊர்களின் பாடம்

தேவையால் ஓட்டுவோரை முன்னிறுத்திய அரசு முயற்சிக்குத் தமிழகத்தில் சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியோடு பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். வண்டி வாங்கக் கடன் வசதியும் செய்யப்பட்டது. ஒரு லட்சம் பெண்கள் அளவில் ஓட்டக் கற்றனர் என்று இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். கல்குவாரித் தொழிலாளர், செவிலியர், ஆசிரியை, வேளாண் தொழிலாளர் எனப் பலரும் ஏறி அமர்ந்தனர். ஏளனப் பேச்சுகளும் எழுந்தன. ஆனால் பேருந்துக்காகவும் வீட்டு ஆடவருக்காகவும் காத்திருந்த நேரம் அவர்களுக்கு மிஞ்சியது. 1941இல் கிள்ளான் தொழிலாளர் ‘இறங்க மாட்டோம்’ என்றனர். புதுக்கோட்டைப் பெண்கள் முதன்முறையாக ஏறினர். இரண்டும் ஒரே உரிமையின் இரு பக்கங்கள்.

சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் 60 விழுக்காட்டையேனும் நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அதன் முக்கியக் கூறு. அக்கொள்கைக்குப் பின் பல சாலைகளில் நடைபாதைகள் அகன்றன. தியாகராய நகரின் பாண்டி பசார் 2019இல் நடப்போருக்கான வளாகமாக உருப்பெற்றது. மிதிவண்டிக்கு அந்த அளவு பயன் கிட்டவில்லை. கொள்கை எழுதப்படுவது தொடக்கம்தான் என்பதை அந்நகரின் அனுபவம் காட்டுகிறது.

நெதர்லாந்தும் பிறவியிலேயே மிதிவண்டி நாடன்று. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கும் மகிழுந்துகளுக்காகத் தெருக்கள் அகலப்படுத்தப்பட்டன. 1971இல் அந்நாட்டுச் சாலைகளில் 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர். பிள்ளைகளின் உயிரைக் காக்க வேண்டும் என்று பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். 1973இன் எண்ணெய் நெருக்கடி அவர்களுடைய குரலுக்கு வலுச் சேர்த்தது. குரோனிங்கன் போன்ற நகர மன்றங்கள், வணிகரின் எதிர்ப்பையும் மீறி, நகர மையத்தில் மகிழுந்துகளின் ஊடுபாதையை அடைத்தன. இன்று நாம் வியந்து பார்க்கும் பாதைகள் அவ்வாறு போராடிப் பெற்றவை.

சாலை யாருடையது?

நம் நாட்டில் இத்தகைய மாற்றத்தைக் கேட்க விரும்புவோர், யாரிடம் கேட்பது என்பதை முதலில் அறிய வேண்டும். காப்பார், கிள்ளான் ஊராட்சியின் எல்லைக்குள் அடங்கும். 1977இல் நகராண்மைக் கழகமாக அமைந்த அது, 2024 பிப்ரவரி 5ஆம் நாள் அரச மாநகர் என்னும் தகுதியைப் பெற்றது. ஆனால் காப்பாரின் முதன்மைச் சாலை கூட்டரசுச் சாலை. அதன் அகலத்தையும் ஓரத்தையும் தீர்மானிப்பது பொதுப்பணித் துறை. நிலம் மாநில அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. நெடுஞ்சாலைகள் சில சலுகை நிறுவனங்களின் பொறுப்பில் உள்ளன. தாமானின் உட்சாலையே மாநகர் மன்றத்தின் கையில் உள்ளது. ஆகவே, தாமானுக்குள் நன்றாக இருக்கும் பாதை பெருஞ்சாலையில் அறுந்துபோவது தற்செயலன்று. அதிகாரம் அங்கே கைமாறுகிறது.

இதே மன்றத்தின் எல்லைக்குள் கெத்தாம் தீவும் அடங்குகிறது. கடலின்மேல் கால்நட்டு நிற்கும் அந்த மீனவர் ஊரில் மகிழுந்துகள் இல்லை. குறுகிய பாலங்கள் வழியே மிதிவண்டிகளும் அண்மைக் காலமாக மின் மிதிவண்டிகளுமே ஓடுகின்றன. அங்கே முதியவர் சந்தைக்கும் சிறுவர் பள்ளிக்கும் மிதித்துச் செல்வதை எவரும் விந்தையாகக் கருதுவதில்லை. அதே வெயில், அதே மழை, அதே மக்கள். வேறுபடுவது பாதையும் அதனைப் பகிர்ந்துகொள்ளும் ஊர்தியும் மட்டுமே.

மற்றொரு வரலாற்றுச் செய்தியையும் மாணவர் அறிய வேண்டும். 1965இல், இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், நம் நாட்டின் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அவற்றை முற்றிலும் நீக்கியது. அன்று முதல் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. நெதர்லாந்துப் பெற்றோர் வாக்குச்சீட்டால் மாற்ற முடிந்ததை, நாம் மனுவாலும் முறையீட்டாலும் மாற்ற வேண்டியுள்ளது. தேர்தல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் கூறிவிட இயலாது. ஆயினும் தெருவில் செல்பவரின் குரல் மன்றத்தை எட்டும் வழி குறுகிவிட்டது என்பது மெய்.

எஞ்சியுள்ள வழிகளுள் ஒன்று சட்டத்திலேயே உள்ளது. 1976ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஒவ்வொரு வட்டாரத் திட்டத்தின் வரைவும் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். நான்கு வாரங்களுக்குக் குறையாத காலத்திற்குள் எவரும் எழுத்து வழியாக எதிர்ப்பையோ கருத்தையோ தெரிவிக்கலாம். நம் சமூகத்தில் இவ்வரைவுகளைச் சென்று பார்ப்போர் மிகக் குறைவு. கோயில் நிலமோ பள்ளி நிலமோ பறிபோகும்போதுதான் நாம் திட்ட வரைபடத்தைத் தேடுகிறோம். அதற்குள் கோடுகள் கிழிக்கப்பட்டுவிடுகின்றன.

வகுப்பறையிலிருந்து மன்றத்திற்கு

ஆசிரியர்கள் இவ்விடத்தில் ஆற்றக்கூடிய பணி உண்டு. பள்ளி வாயிலின் முன் காலை ஒரு மணி நேரத்தில் நடந்து வருவோர், மிதித்து வருவோர், மோட்டார் சைக்கிளில் வருவோர், மகிழுந்தில் வருவோர் எத்தனை பேர் என்று மாணவர் எண்ணட்டும். வீட்டிலிருந்து பள்ளி வரையிலான வழியை வரைந்து, பாதை எங்கே அறுகிறது, கடப்பதற்கு எங்கே இடமில்லை, மரநிழல் எங்கே முடிகிறது என்று குறிக்கட்டும். கணிதமும் புவியியலும் மொழிப்பாடமும் ஒருங்கே பயன்படும் பணி இது. அவ்வெண்ணிக்கையைத் தமிழிலும் மலாயிலும் கடிதமாக எழுதி மன்றத்திற்கும் பொதுப்பணித் துறைக்கும் அனுப்பினால், எண்ணப்படாதிருந்தோர் முதன்முறையாக ஒரு கோப்பில் இடம்பெறுவர். பழைய சபைகளின் பதிவேடு செய்த வேலையைத் தண்டமும் வரியும் இன்றி நம் மாணவர் செய்ய முடியும்.

வரலாற்றுப் பாடத்தில் 1941ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தைக் கற்பிக்கும்போது, கூலியோடு நிறுத்திவிடாமல் அந்த ஒன்பதாவது கோரிக்கையையும் வாசித்துக் காட்டுவது நன்று. இன்று காப்பார்ச் சாலையில் எந்தத் துரையும் எவரையும் இறங்கச் சொல்வதில்லை. ஆனால் லாரியின் ஒலிப்பான் கேட்டு வடிகால் ஓரத்தில் கால் ஊன்றி நிற்கும் தொழிலாளியை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர் தமிழராக இல்லாதிருக்கலாம். வங்காளதேசத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ வந்தவராக இருக்கலாம். நம் முன்னோர் கேட்ட உரிமை அவருக்கும் உரியது. அவர் இறங்காமல் செல்வதற்கு ஒரு மீட்டர் அகலப் பாதையைக் கேட்பதும், அதற்கான கணக்கைத் திரட்டுவதும் நம் தலைமுறைக்குரிய பணிகள்.